கோயம்புத்தூருக்குக் கிளம்புமுன் ஒரு காப்பு வாங்கு

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நேற்று ராத்திரி உன் அம்மா போன் செய்தாள். கோயம்புத்தூரில் நீ ஆசைப்பட்ட காலேஜிலேயே இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னபோது இருந்த சந்தோஷம், ஹாஸ்டல் பேச்சு வந்ததும் அவள் குரலில் இல்லை. டாக்டர் உன்னைப் போட்டுக்கொள்ளச் சொன்ன அடையாளக் காப்பை வைத்து வீட்டில் தினமும் சண்டையாமே. நீ போடவே மாட்டேன் என்கிறாயாம். அவள், போடு, ஆனால் தங்கத்தில் சின்ன டாலராகச் செய்து செயினில் கோத்துச் சட்டைக்குள் விட்டுக்கொள் என்கிறாளாம். ஸ்டாஃப் நர்ஸாக என் சர்வீஸில் பெரும்பகுதி கேஷுவாலிட்டியில் போனது உனக்குத் தெரியும். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், நீங்கள் இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. போனில் பேசினால் நீ பாதியிலேயே "சரி பெரியம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நகை எடுக்கப் போனால் நமக்குப் பிடித்திருக்கிறதா, போட்டால் எடுப்பாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்போம். இந்தக் காப்புக்கு அந்தக் கண்ணாடி உதவாது. உன் பேர் தெரியாத, உன் வீடு தெரியாத யாரோ ஒருவர் பஸ்ஸிலோ ரோட்டோரத்திலோ உன் பக்கத்தில் குனிந்து நிற்கிறார். நீ பேசும் நிலையில் இல்லை. அவர் கண்ணில் அது படுமா, பட்டதும் புரியுமா? எந்த உலோகம், என்ன வடிவம், என்ன எழுதுவது, எங்கே போடுவது எல்லாவற்றையும் அந்த ஆளை மனசில் வைத்தே முடிவு செய்யணும்.

உனக்கு வந்திருப்பது டைப் 1 சர்க்கரை நோய். உன் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டது, ஊசியில்தான் அது உள்ளே போகிறது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனாலோ, வழக்கத்தைவிட அதிகமாக ஓடியாடினாலோ சர்க்கரை இறங்கும். 70-க்குக் கீழே போனால் லோ, 54-க்குக் கீழே போனால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருப்பார். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் உனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். மூளைக்குக் குளுக்கோஸ் பற்றாமல் போகும்போது ஆளுக்குத் தான் லோவில் இருக்கிறோம் என்பதே தெரியாது. நாக்கு குழறும், நடை தள்ளாடும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும், சிலர் கோபமாகக் கத்துவார்கள், உதவ வந்தவர் கையைத் தட்டிவிடுவார்கள். இன்னும் இறங்கினால் வலிப்பு, மயக்கம். வருஷம் போகப்போக, முன்கூட்டி வரும் நடுக்கமும் வியர்வையும்கூடச் சிலருக்கு மங்கிப்போகும். நேராக மயக்கம்தான்.

இதைப் பார்க்கும் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? குடித்திருக்கிறான் என்றுதான். பஸ் ஸ்டாண்ட் நடைமேடையில் மத்தியானத்திலிருந்து கிடந்த பையனைச் சாயங்காலம் யாரோ ஒரு பூக்காரம்மா ஆட்டோவில் ஏற்றி எங்களிடம் கொண்டுவந்தார். அத்தனை நேரமும் எத்தனையோ பேர் அவனைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்களும் இருப்பார்கள். அவன் வாயில் சாராய வாடையே இல்லை. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை அடியோடு இறங்கிக் கிடந்தது. நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் கண் திறந்து, "அக்கா, இது எந்த ஊரு?" என்று கேட்டான். பையில் இன்சுலின் பாட்டில் இருந்தது. பையைத் திறந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, தோன்றினாலும் அடுத்தவர் பையில் கைவிட யாருக்குத் துணிச்சல் வரும்? எதிர்ப்பக்கமும் உண்டு. இன்சுலின் நாள்கணக்கில் விட்டுப்போய்ச் சர்க்கரை ஏறி ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்டால், மூச்சில் அழுகின பழம் மாதிரி ஒரு வாடை வரும். அதையும் குடி என்றே எடுத்துக்கொள்வார்கள். பெண் பிள்ளையென்றால் பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலையோடு வருபவர்களும் இன்னும் இருக்கிறார்கள்.

நீ கெட்டிக்காரி, உடனே ஒரு கேள்வி கேட்பாய்: மயக்கமாக யார் வந்தாலும் கேஷுவாலிட்டியில் முதலில் சர்க்கரையைத்தானே பார்ப்பார்கள், அப்புறம் காப்பு எதற்கு? உண்மை. மயக்கத்தில் வருபவருக்கு முதல் வேலையே அந்தச் சொட்டு ரத்தப் பரிசோதனைதான். ஆனால் காப்பின் வேலை அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. முன்னால் என்பது, நீ விழுந்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஆகிற நேரம். யாராவது 108-ஐக் கூப்பிடணும், கூப்பிட அவருக்கு ஒரு காரணம் வேணும். "சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிற பொண்ணு" என்று போனில் சொல்ல முடிந்தால், வண்டியில் வருகிற டெக்னீஷியன் வரும்போதே தயாராக வருவார். பின்னால் என்பது வார்டு. விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் போனாய், ஆபரேஷனுக்காக வாய்க்கு ஒன்றும் தராமல் வைத்திருக்கிறார்கள் என்று வை. சாப்பிடவில்லை, அதனால் இன்சுலினும் வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் டைப் 1 உள்ள ஆளுக்கு அது விபரீதம். சாப்பாடு இல்லாவிட்டாலும் அடிப்படை இன்சுலின் நிற்கக்கூடாது. நீ டைப் 1 என்று அவர்களுக்கு யார் சொல்வது? அந்தத் தகடுதான் சொல்லணும்.

முதலில் தங்கம் பற்றி. உன் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டு. தங்கம் வேண்டவே வேண்டாம். 916 என்று முத்திரை போட்ட 22 காரட் தங்கம் மெத்தென்றது. மெல்லிய டாலரில் வெட்டிய எழுத்து தேயத் தேய மழுங்கிவிடும். அதைவிடப் பெரிய காரணம், மயங்கிக் கிடக்கும் பெண் உடம்பில் தங்கம் இருந்தால் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். கெட்டவன் அறுத்துக்கொண்டு போவான். நல்லவர், பத்திரமாக இருக்கட்டும் என்று கழற்றித் தன் பையில் போட்டுக்கொள்வார். ஆஸ்பத்திரியிலும் நகைகளை எல்லாம் கழற்றி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட வந்தவரிடம் கொடுப்பதுதான் வழக்கம். ஆக, உன்னைப் பற்றிய செய்தி உன்னைவிட்டு முதலில் போய்விடும். யாரும் திருட நினைக்காத, யாரும் பத்திரப்படுத்த நினைக்காத உலோகம்தான் இதற்கு லாயக்கு.

அடுத்தது, சட்டைக்குள் டாலர். கழுத்தில் போடுவது தப்பில்லை. கைக்குழந்தைகளுக்கும் மெஷினில் வேலை செய்கிறவர்களுக்கும் அதுதான் வழி. ஆனால் நம் ஊரில் வெளி ஆள் எவனும் மயங்கிக் கிடக்கும் பெண்ணின் துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைத் தேடிப் பார்க்கமாட்டான், பார்க்கவும் கூடாது. கையை எல்லாரும் பிடிப்பார்கள். நாடி பார்க்க மணிக்கட்டைத்தான் தொடுவார்கள். வலிப்பு என்று நினைத்து இரும்புச் சாவியைக் கொடுக்க வருபவர்கூட உன் உள்ளங்கையைத்தான் விரிப்பார். அந்தச் சாவியால் ஒரு பயனும் கிடையாது, ஆனால் அவர் கண் உன் மணிக்கட்டில் படும். அதனால் மணிக்கட்டுதான் இடம். வாட்ச் கட்டாத கையில் போடு. மேலே ரப்பர் பேண்டு, கோயில் கயிறு, நட்புக் கயிறு என்று அடுக்கி வைக்காதே. சிவப்பும் கறுப்புமாக நாலு கயிறு கட்டிய கையில் இதுவும் ஒரு வேண்டுதல் காப்பு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். கயிறு கட்டுவதானால் வாட்ச் கட்டுகிற கையில் கட்டிக்கொள், இந்தக் கையில் இது மட்டும் இருக்கட்டும்.

உலோகத்தில் நான் ஸ்டீலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். 316எல் என்று ஒரு ரகம் உண்டு, சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்பார்கள். வியர்வைக்கும் போர்த் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது, துருப்பிடிக்காது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்ற வேண்டியதில்லை, அதுதான் முக்கியம். கழற்றி வைக்கிற காப்பு ஒரு நாள் சோப்புப் பெட்டி மேலேயே இருந்துவிடும். அந்த ஸ்டீலில் நிக்கல் கலந்திருக்கிறது. வெளியே கசிவது மிகக் குறைவு என்றாலும், உனக்குக் கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் என்று அம்மா சொன்னதாக ஞாபகம். அப்படியானால் டைட்டானியத்தில் பார். விலை கூடுதல், ஆனால் நிக்கல் இல்லை, கையில் இருப்பதே தெரியாத எடை. வெள்ளி கறுக்கும், கறுத்தால் எழுத்தும் மங்கும், மாதாமாதம் தேய்த்து வைக்கும் பொறுமை இருந்தால் வாங்கலாம். முலாம் பூசியது, தோல் வார், துணி வார் மூன்றும் வேண்டாம். சிலிக்கான் பட்டை விளையாட்டு மைதானத்துக்கு நல்லது, விலையும் மலிவு. ஆனால் அதில் அச்சடித்த எழுத்து சீக்கிரம் உதிரும், தூரத்திலிருந்து பார்த்தால் ஃபேஷன் பேண்டு மாதிரியே இருக்கும். ஓடப் போகும்போது மாற்றுக்கு ஒன்று வைத்துக்கொள். அன்றாடத்துக்கு அது பற்றாது.

கொக்கியைக் கவனி. எஸ் கொக்கி தானாக நழுவும். அழுத்தித் திறக்கிற நண்டுக்கொக்கி நல்லது, ஸ்கேன் எடுக்கும்போது நர்ஸ் ஒரு கையால் கழற்ற வரும். எம்.ஆர்.ஐ. என்றால் இதையும் கழற்றியாகணும், அப்போது யாரிடம் கொடுத்தோம் என்று நினைவு வைத்துத் திரும்பப் போட்டுக்கொள். அளவு, காப்புக்கும் கைக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போகணும். இறுக்கமாக இருந்தால் வியர்வை தங்கிப் புண் வரும், நமக்குப் புண் ஆறுவதில் கவனம் வேண்டும். தளர்ந்திருந்தால் தகடு கைக்குக் கீழே சுழன்று போய் ஒளிந்துகொள்ளும்.

இனி எழுத்து. இதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள், அதனால் நீளமாகவே சொல்கிறேன். தகட்டில் இடம் கொஞ்சம். எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் யோசனை. நம் ஆட்கள் முதலில் ரத்த வகையை எழுதுவார்கள். அது வீண். எந்த ஆஸ்பத்திரியிலும் தகட்டில் இருக்கிறது என்று நம்பி ரத்தம் ஏற்றமாட்டார்கள், புதிதாகச் சோதித்து உன் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். வீட்டு முகவரி வேண்டாம். டாக்டர் பேர் வேண்டாம். இன்சுலின் எத்தனை யூனிட் என்று ஒருபோதும் எழுதாதே, அது மாதத்துக்கு மாதம் மாறும். உன் பேரையும் வெளிப்பக்கம் போட வேண்டாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் எல்லாம் உன் பேரைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

எழுத வேண்டியது இவ்வளவுதான். வெளிப்பக்கம் தமிழில், "சர்க்கரை நோய் – இன்சுலின்". உள்பக்கம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் டைப் 1 டயபடீஸ், ஆன் இன்சுலின், அதற்குக் கீழே மருந்து ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அது, கடைசியாக அவசரத்துக்குக் கூப்பிட ஒரு போன் நம்பர். உனக்குப் பென்சிலின் ஆகாது என்று சின்ன வயசில் உடம்பெல்லாம் தடித்தது, அதை உன் டாக்டரிடம் மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டு எழுது. வெறுமனே "சர்க்கரை நோய்" என்று நிறுத்திவிடாதே. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. அதில் மிகப் பெரும்பாலோர் டைப் 2, பலர் மாத்திரையோடு சரி. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு லோ வருவது அபூர்வம். உன் கதை வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்வது "டைப் 1", "இன்சுலின்" என்ற இரண்டும்தான். பின்னால் நீ பம்ப் வைத்துக்கொண்டால் அதையும் சேர்க்கணும், துணிக்கு அடியில் இருக்கிற கருவி யாருக்கும் தெரியாது. (உன் தாத்தா கிளிமெப்பிரைடு சாப்பிடுகிறார். அந்த ரக மாத்திரையும் சர்க்கரையை இறக்கிவிடும். தனியாகக் கோயிலுக்குப் போய் வருகிற அவருக்கும் ஒரு தகடு வேணும் என்று அம்மாவிடம் சொல்.)

போன் நம்பர் யாருடையது? உன்னுடையதை எழுதுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அது உன் பையிலேயே கிடந்து அடிக்கும். அம்மா நம்பர் போடு. ஆனால் அவள் ஸ்கூலில் வகுப்பு நேரத்தில் போனை அணைத்து வைப்பாள் என்றால் அப்பா நம்பர் போடு. எடுக்கிறவர் நம்பர்தான் வேணும், பாசம் யாருக்கு அதிகம் என்ற கணக்கு இங்கே கிடையாது. இரண்டு நம்பருக்கு இடம் இருந்தால் இரண்டும்.

தமிழ் எழுத்து சிறுத்தால் புள்ளியும் கொம்பும் ஒட்டிக்கொண்டு படிக்க வராது. பாத்திரக்கடையில் டம்ளருக்குப் பேர் வெட்டுகிறவரிடம் இதைக் கொடுக்காதே. அந்த மெஷின் புள்ளி புள்ளியாகக் கீறும், இத்தனை சின்ன இடத்துக்கு அது ஒத்துவராது. ஷீல்டும் பெயர்ப் பலகையும் செய்கிற கடைகளில் லேசரில் பொறித்துத் தருகிறார்கள், அங்கே கொடு. வரி வடிவத்தைக் காகிதத்தில் அதே அளவில் எழுதிக்கொண்டு போ. பொறித்து வந்ததும் உன் தாத்தாவிடம் கொடுத்து, கண்ணாடி இல்லாமல், டியூப் லைட் வெளிச்சத்தில் படிக்கச் சொல். அவர் படித்துவிட்டால் பஸ் கண்டக்டரும் படிப்பார். மை நிரப்பிய எழுத்து வேண்டாம். மை போனால் எழுத்தும் போச்சு. நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்படணும்.

தகட்டில் ஒரு சின்னம் இருப்பது நல்லது. ஆறு கரமுள்ள நீல நட்சத்திரமும் நடுவில் கோலைச் சுற்றிய பாம்புமாக ஆம்புலன்ஸ்களில் பார்த்திருப்பாய். உயிர் நட்சத்திரம் என்பார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 1970-களில் கொண்டுவந்தது, இன்றைக்கு அவசர மருத்துவம் என்றால் பல நாடுகளில் அதுதான் அடையாளம். கடைக்காரர் சிவப்புச் சிலுவை போட்டுத் தருகிறேன் என்பார். ஒப்புக்கொள்ளாதே. அது செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் உரியது. நம் நாட்டில் 1960-ஆம் வருஷத்து ஜெனீவா ஒப்பந்தச் சட்டத்தின்படி மற்றவர்கள் அனுமதியில்லாமல் அதைப் பயன்படுத்தக்கூடாது.

இந்தத் தகட்டுப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்தால் உனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அதுவும் காலேஜுக்குப் போன ஒரு பெண்ணின் கதைதான். கலிபோர்னியாவில் டர்லாக் என்ற ஊரில் லிண்டா காலின்ஸ் என்று ஒரு டாக்டர் வீட்டுப் பெண். 1953-இல், பதினாலு வயசில், விளையாடும்போது விரலில் வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டெட்டனஸுக்கான எதிர்மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் கொடுத்த சொட்டு மருந்தே அவள் உயிரைப் பறிக்கப் பார்த்தது. பிழைத்து வளர்ந்து காலேஜுக்குக் கிளம்பியபோது, எனக்கு இன்ன இன்ன மருந்து ஆகாது என்று காகிதத்தில் எழுதிக் கையில் கட்டிக்கொண்டு, மேல்கோட்டிலும் ஒரு சீட்டுக் குத்திக்கொண்டு போனாளாம். காகிதம் எத்தனை நாள் தாங்கும்? அப்பா நகைக்கடையில் சொல்லி வெள்ளியில் ஒரு காப்புச் செய்து கொடுத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, 1956-இல் அவரும் மனைவியும் மெடிக்அலர்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே காப்பில் ஒரு உறுப்பினர் எண் இருக்கும், போன் செய்தால் எந்த நேரமும் விவரம் சொல்வார்கள். நம் ஊரில் அந்த எண்ணை நம்பி இருக்க முடியாது, அதனால்தான் உன் தகடு தானாகவே எல்லாம் சொல்லணும் என்கிறேன்.

இதே காரணத்தால் கியூஆர் கோடு மட்டும் இருக்கிற தகட்டையும் வாங்காதே. பின்பக்கம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும். போன் சார்ஜ், சிக்னல், அந்தக் கம்பெனி நாளைக்கும் இயங்குவது எல்லாம் கூடிவந்தால்தான் அது பேசும். உன் மொபைலில் அவசரத் தகவல் என்று ஒரு பகுதி இருக்கிறது. பூட்டிய திரையிலிருந்தே அதைத் திறக்கலாம். மருந்து, அளவு, டாக்டர் என்று நீளமான விவரத்தை எல்லாம் அதில் ஏற்று. ஒரு அட்டையிலும் எழுதி ஐ.டி. கார்டு உறைக்குப் பின்னால் சொருகிவை. காப்பைப் பார்த்தவர்தான் அடுத்து அட்டையைத் தேடுவார்.

இன்ஜினியரிங் முதல் வருஷம் ஒர்க்‌ஷாப் இருக்கும். கடைசல் மெஷின் பக்கம் காப்போடும் செயினோடும் போகக்கூடாது, விதி அப்படித்தான், சரியான விதி. அங்கே கழற்றி ஒர்க்‌ஷாப் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு, லேப் சாரிடம் உனக்கு இன்சுலின் என்று முதல் நாளே சொல்லிவை. நகை கூடாது என்கிற தேர்வு ஹால்களிலும் அப்படியே, மேற்பார்வையாளரிடம் முன்கூட்டிச் சொல். ஜே.இ.இ. மெயின் தேர்வுக்குச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் சர்க்கரை மாத்திரையும் பழமும் கொண்டுபோக அனுமதி உண்டு என்பது ஞாபகமிருக்கிறதல்லவா, நீயே கொண்டுபோனாயே. கேட்டால்தான் கிடைக்கும்.

இப்போது நீ ஏன் வேண்டாம் என்கிறாய் என்பதற்கு வருகிறேன். உன் அம்மா சொல்லவில்லை, நானாகவே ஊகிக்கிறேன். கையில் எழுதி ஒட்டிக்கொண்டு போனால் எல்லாரும் கேட்பார்கள். முதல் நாளே "அந்த சுகர் பொண்ணு" என்று பேர் வந்துவிடும். அம்மாவுக்கு வேறு பயம், அவளும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள்: நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர் காதுக்குப் போய்விடுமே என்று. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் சனம் பெண்ணின் நோயை எப்படிப் பேசும் என்று வார்டிலும் வீட்டிலும் பார்த்தவள் நான். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று குளியலறைக்குள் ஒளித்து ஊசி போட்டுக்கொண்ட பெண்களைத் தெரியும். ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார் என்று ஊசியையே விட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்த புதுப்பெண்ணையும் தெரியும். மறைப்பது ஒரு வேலையாகிவிடும் பாப்பா, அந்த வேலை ஊசி போடுகிற வேலையைவிடக் கஷ்டம். உன் நோயைத் தெரிந்துகொண்டு விலகுகிறவன், கல்யாணமான பிறகு தெரிந்துகொண்டு என்ன செய்வான் என்று யோசி. அவன் முன்னாலேயே விலகிப்போவது உனக்கு லாபம்.

அதற்காகக் கையில் பலகை மாட்டிக்கொள் என்று நான் சொல்லவில்லை. உனக்குப் பிடிக்காத ஒன்றை வாங்கினால் ஒரு மாதத்தில் அது பெட்டிக்குள் போய்விடும். ஆகவே வடிவத்தை நீயே தேர்ந்தெடு, அம்மா அதில் தலையிட வேண்டாம். மெல்லிய சங்கிலியில் சின்னத் தகடா, ஒரே வளைவாக வரும் காப்பா, தகட்டைச் சுற்றிக் கறுப்பு மணியா, எது உன் கைக்கு அழகோ அது. தமிழ் வரியை வெளியே போட மனசு வரவில்லை என்றால் நட்சத்திரச் சின்னமும் "இன்சுலின்" என்ற ஒரு சொல்லும் வெளியே, மற்றதெல்லாம் உள்பக்கம். அதுவரைக்கும் நான் இறங்கி வருவேன். சின்னமே இல்லாமல் வெறும் நகை மாதிரி வைத்து எல்லாவற்றையும் உள்ளே எழுதினால், திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றாது. அதற்கு ஒப்புக்கொள்ளமாட்டேன்.

காப்பு போட்டாயிற்று என்று பையில் குளுக்கோஸ் வைக்க மறந்துவிடாதே. லோ என்றால் முதலில் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கி, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கணும். சாக்லேட்டும் கடலை மிட்டாயும் அந்த நேரத்துக்கு ஆகாது, கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். ரூம்மேட்டுக்கு முதல் வாரத்திலேயே காப்பைக் காட்டிச் சொல்லிக்கொடு. நினைவிருந்தால் சர்க்கரைத் தண்ணீர். நினைவில்லையென்றால் வாயில் ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது, புரை ஏறி நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108. இதை அவள் உன்னிடம் திருப்பிச் சொல்லும்வரை விடாதே.

வருஷத்துக்கு ஒரு முறை தகட்டை எடுத்துப் படி. நவம்பர் 14 அதற்குத் தோதான நாள். நமக்குக் குழந்தைகள் தினம், உலகத்துக்குச் சர்க்கரை நோய் தினம், இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங் பிறந்த நாள். 1922 ஜனவரியில் டொரன்டோவில் முதன்முதலாக அந்த ஊசி போடப்பட்டவன் லியோனார்டு தாம்சன், பதினாலு வயசுப் பையன். அதற்கு முன்னால் டைப் 1 வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச நாள் உயிரை இழுத்துப் பிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஒவ்வொரு நவம்பர் 14-இலும் நம்பர் மாறியிருக்கிறதா, மருந்து மாறியிருக்கிறதா, எழுத்து தேய்ந்திருக்கிறதா என்று பார். மாறியிருந்தால் புதுத் தகடு போட்டுவிடு. ஸ்டீல் தகடு சில நூறு ரூபாய்தான், அதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். முதல் காப்புக்கு ஆகிற பணத்தை நான் உன் கணக்கில் போட்டுவிட்டேன், அம்மாவிடம் கேட்க வேண்டாம்.

ஆக, மணிக்கட்டில் ஸ்டீல், நிக்கல் ஒத்துக்கொள்ளாவிட்டால் டைட்டானியம். நட்சத்திரச் சின்னம், சொன்ன வரிகள், எடுக்கிறவர் நம்பர். ஹாஸ்டலில் சேருகிற நாளைக்கு முன்னாலேயே வாங்கிப் போட்டுக்கொண்டு, வீட்டில் கொஞ்ச நாள் பழகிக்கொண்டு, பிறகு ரயில் ஏறு. பொறிக்கக் கொடுப்பதற்கு முன்னால் நீ எழுதிய வரிகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, எழுத்துப் பிழையும் நம்பரும் நான் ஒரு முறை சரிபார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா